கயத்தாறு கற்குவியலும் பெயர் இல்லாத சிப்பாயும்

போன மாதம் அமெரிக்காவில் வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் ஒரு படம் அனுப்பியிருந்தான். சின்ன ஊர். பழைய கோர்ட் கட்டடம். அதன் முன்னால் உயரமான ஒரு கல்தூண். தூண் உச்சியில் துப்பாக்கியைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஒரு சிப்பாய் நிற்கிறான். "இந்தப் பக்கம் பாதி ஊர்ல கோர்ட் வாசல்ல இவன்தான் நிக்கான். உள்நாட்டுப் போர்ல செத்தவங்களுக்காம். நம்ம பக்கம் இப்படி ஏதாவது உண்டால?" என்று கேட்டிருந்தான்.

"நம்ம ஊர்ல தலைவருக்குத்தான் சிலை, சிப்பாய்க்கு எவன் வைப்பான்?" என்று அப்போதைக்கு பதில் போட்டுவிட்டேன். ராத்திரி படுத்தபிறகுதான் அது தப்பான பதில் என்று உறைத்தது. தூத்துக்குடியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் சிப்பாய்களின் நினைவிடம் இருக்கிறது. 220 வருஷத்துக்கு மேல் பழசு. சின்ன வயதில் அதைத் தாண்டி எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் அது 'வெள்ளைக்காரன் கல்லறை'. நம்ம கணக்கில் அது சிப்பாய் நினைவிடமாகத் தோன்றவே இல்லை.

அந்த ஒரு கேள்விக்காகப் பழைய புத்தகங்களை எடுத்து வைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து எழுதிய குறிப்புதான் இது.

கோர்ட் வாசல் சிப்பாய் எப்போது வந்தான்?

முதலில் நண்பனின் சிப்பாய். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-ல் தொடங்கி 1865-ல் முடிந்தது. அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்கள் தோற்றன. தோற்ற பக்கத்துச் சிப்பாய்க்குக் கோர்ட் வாசலில் சிலை வைத்தது எப்போது என்று பார்த்தால், பெரும்பாலானவை போர் முடிந்த கையோடு வரவில்லை. முப்பது, நாற்பது, அறுபது வருஷம் கழித்துத்தான் வந்திருக்கின்றன. கருப்பின மக்களின் ஓட்டுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்து, பள்ளிக்கூடத்திலும் ரயிலிலும் அவர்களைத் தனியாக உட்கார வைத்த காலம் அது. அந்த நேரத்தில், நீதி கேட்டு வருகிற கோர்ட்டின் வாசலில், அடிமை முறைக்காகச் சண்டை போட்டவனின் சிலை. வாசலைத் தாண்டி உள்ளே போகிற கருப்பினத்தவருக்கு அது என்ன சொல்லியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

வட கரோலினாவில் டர்ஹாம் என்ற ஊரின் பழைய கோர்ட் வாசலில் 1924-ல் வைத்த சிப்பாயை, 2017 ஆகஸ்ட் 14 அன்று ஜனங்கள் கயிறு கட்டி இழுத்துக் கீழே தள்ளினார்கள். விழுந்த வேகத்தில் சிப்பாய் கசங்கிப் போனான். ஜார்ஜியாவில் டீகேட்டர் கோர்ட் வாசலில் 1908-ல் நட்ட தூண் 2020 ஜூனில் அகற்றப்பட்டது. 2024-ல் அதே இடத்தில் கருப்பின உரிமைப் போராளி ஜான் லூயிஸின் சிலையை வைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு கம்பெனி துத்தநாகத்தில் சிப்பாய் சிலை வார்த்து, அட்டவணை போட்டு விற்றது. வடக்கு ஊர், தெற்கு ஊர் இரண்டுக்குமே கிட்டத்தட்ட அதே சிப்பாய்தான், தொப்பியிலும் இடுப்பு வாரிலும் சின்ன மாற்றத்தோடு. சிலையாக நிற்பவன் யார் என்பதை விட, யார் வாங்கி, எப்போது, எந்த வாசலில் வைத்தார்கள் என்பதுதான் சேதி.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம்ம ஊருக்கு வருவோம்.

யாருக்கும் யாருக்கும் சண்டை?

கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் நமக்குத் தெரிந்தது முக்கால்வாசி 1959-ல் வந்த சினிமா வழியாகத் தெரிந்ததுதான். அதனால் சுருக்கமாக ஒரு தடவை.

1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் ராமநாதபுரத்துக்கு வரச்சொல்லி, பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் போய், அங்கே கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் செத்துப்போனார். மறுவருஷம் 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மேல் பாய்ந்தது. முதல் பாய்ச்சலில் கும்பினிக்குப் பலத்த அடி. காலின்ஸ் போன்ற வெள்ளை அதிகாரிகள் அங்கேயே விழுந்தார்கள். அடுத்து பெரிய பீரங்கி வருகிறது என்று தெரிந்து கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். தானாபதி சுப்பிரமணிய பிள்ளையைப் பிடித்து நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டியில் குத்தி வைத்தார்கள். இந்தப் போருக்குக் கும்பினி வைத்த முதல் 'நினைவுச்சின்னம்' அதுதான். கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள் பிடித்துக் கொடுக்க, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் புளியமரத்தில் தூக்கு.

அத்தோடு முடியவில்லை. 1801 பிப்ரவரி 2 அன்று ராத்திரி, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் தப்பித்தார்கள். இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையை ஜனங்கள் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுப்பிவிட்டார்கள். மெக்காலே படையோடு வந்து பார்த்தபோது மதில் நிற்கிறது! அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பிற்காலத்தில் தன் நினைவுகளை எழுதி 1830-ல் வெளியிட்டார். கோட்டையை அவர் அளந்து சொல்கிறார்: இரண்டு பக்கம் சுமார் 500 அடி, இரண்டு பக்கம் சுமார் 300 அடி, மதில் உயரம் 12 அடி, அத்தனையும் மண், சுற்றிலும் முள்வேலி. அவ்வளவுதான். மார்ச் 31 அன்று அந்த மண்கோட்டை மேல் ஏறிய வெள்ளைச் சிப்பாய்கள் 120 பேரில் காயமில்லாமல் திரும்பியது 46 பேர் என்று அவரே எழுதுகிறார். கடைசியில் கர்னல் அக்னியூ பெரும்படையோடு வந்து, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நின்று தலைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். கும்பினிப் படை என்றால் நம் கண்முன் வருவது சிவப்புக் கோட்டு வெள்ளைக்காரன். ஆனால் அந்தப் படையில் பெரும்பகுதி நம்ம ஆட்கள். மதராஸ் சுதேசி காலாட்படைச் சிப்பாய்கள், தமிழும் தெலுங்கும் தக்கினியும் பேசுகிறவர்கள், மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். அவர்களோடு எட்டயபுரம் பாளையத்து ஆட்கள். கோட்டை விழுந்தபிறகு தப்பியவர்களை விரட்டிக்கொண்டு போனதில் முன்னால் நின்றதும் அவர்கள்தான். போர் முடிந்ததும் பாஞ்சாலங்குறிச்சியின் நிலத்தை எட்டயபுரம், மணியாச்சி, மேல்மாந்தை பாளையங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தது கும்பினி.

அதாவது, கட்டளை போட்டது வெள்ளைக்காரன். வெட்டிக்கொண்டதும் செத்ததும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். நாம் இதைச் சுதந்திரப் போர் என்கிறோம், அது சரிதான். ஆனால் அதே நேரத்தில் இது ஒரு உள்நாட்டுப் போரும்கூட. அந்தப் பாதியைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை.

எனக்கு இதில் சொந்தமாகவும் ஒரு உறுத்தல் உண்டு. அம்மா பிறந்த ஊர் எட்டயபுரம் பக்கம். நான் படித்த பள்ளிக்கூடத்தில் அது தெரிந்ததும் பையன்கள் ஒரு வருஷம் பூரா "ஏல எட்டப்பா" என்றுதான் கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வந்து சொன்னேன். ஆச்சி, "நம்ம வீட்டு ஆம்பளைய யார் பக்கம் நின்னாங்கன்னு யாருக்கு வே தெரியும். சோறு போட்டவன் பக்கம் நின்னுருப்பாங்க" என்றாள். அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்றைக்கு யோசித்தால், சரித்திரப் புத்தகங்களில் இல்லாத ஒரு உண்மையை ஒரே வரியில் சொல்லியிருக்கிறாள்.

கல்லறை

முதல் ஞாயிறு ஒட்டப்பிடாரம் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. ஒட்டப்பிடாரம் வ.உ.சி. பிறந்த ஊர். அவர் பிறந்த தேதி 1872 செப்டம்பர் 5. பானர்மேன் கோட்டை மேல் பாய்ந்த அதே செப்டம்பர் 5. தற்செயல்தான். ஆனால் ஊர்க்காரர்கள் அதைத் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை.

அங்கிருந்து மூணு கிலோமீட்டர் பாஞ்சாலங்குறிச்சி. 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை தூரத்திலேயே தெரியும். உள்ளே சுவரில் கதையைப் படம் படமாக வரைந்திருக்கிறார்கள். பக்கத்தில் வீரசக்கதேவி கோயில். பழைய கோட்டையில் மிச்சம் இருப்பது தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ள மேடும் அடித்தளமும்தான். 1801-க்குப் பிறகு கோட்டையை இடித்து, ஏர் பூட்டி உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்றும், ஊர்ப் பெயரையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றும் இந்தப் பக்கம் சொல்வார்கள்.

கல்லறைகள் கோட்டையிலிருந்து கொஞ்சம் தள்ளி. உடைமரத்துக்கு நடுவில், ஆடு மேய்கிற வெளியில். செத்துப்போன அதிகாரிகளின் பெயர்கள் காற்றில் போகவில்லை. ஜே.ஜே. காட்டன் என்பவர் மதராஸ் மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து 1905-ல் புத்தகமாகவே போட்டார். பெயர், பதவி, ரெஜிமென்ட், செத்த தேதி என்று கல் பொரிந்து போனாலும் அச்சில் இருக்கும்.

அந்த இடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர் பேச்சுக் கொடுத்தார்.

"என்ன தம்பி, படம் எடுக்கிய? ஆபீஸ்ல இருந்து வந்திருக்கியளா?"

"இல்ல அண்ணாச்சி, சும்மா பாக்க வந்தேன். ஒரு சந்தேகம். வெள்ளைக்காரன் நம்ம கோட்டைய உழுது அழிச்சான்லா. சுதந்திரம் கிடைச்ச பொறவு அவன் கல்லறைய ஏன் நம்மாளுங்க இடிக்கல?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அத எதுக்குடே இடிக்கணும்? இந்த மண்ணுல அவன் எம்புட்டுப் பேரு செத்தாங்கிறதுக்கு அதுதான சாட்சி? அது போச்சுன்னா நாளைக்கு எவனாவது வந்து சண்டையே நடக்கலம்பான்."

இந்த விஷயத்தில் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இதைச் சொல்லவில்லை. மண்கோட்டை மழையில் கரைந்துபோகும். ஜெயித்தவன் தன் செத்தவனுக்குக் கட்டிய செங்கல் மேடைதான், தோற்றவன் எவ்வளவு கடுமையாகச் சண்டை போட்டான் என்பதற்கு இன்றைக்கு நிற்கிற ருசு. கல்லறை கட்டியவனுக்கு ஒரு அர்த்தம், ஆடு மேய்க்கிறவருக்கு நேர் எதிரான அர்த்தம். கல் ஒன்றுதான்.

குவியல்

அடுத்த ஞாயிறு கயத்தாறு. கோவில்பட்டி - திருநெல்வேலி நாற்கரச் சாலையில், காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். சாலையோரம் கட்டபொம்மன் சிலை. சினிமாவில் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன், தன் சொந்தக் காசில் நிலம் வாங்கி 1970-ல் வைத்த சிலை அது. 2015-ல் அரசு மணிமண்டபமும் திறந்தது.

ஆனால் எனக்கு முக்கியம் சிலைக்கு முன்னால் அங்கே இருந்தது. 19-ம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வேலை பார்த்த கும்பினி, சர்க்கார் ஆட்களின் பதிவுகளில் ஒரு சேதி வருகிறது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில், சாலையோரம், சிறுசும் பெருசுமாக ஒரு கற்குவியல் கிடந்தது. யாரும் கட்டியதில்லை. அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல்லோ, மரத்துண்டோ போட்டுவிட்டுப் போவார்கள். பல வருஷமாக அப்படிச் சேர்ந்த குவியல்.

அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். ஆயுதம் வைத்திருந்தால் தண்டனை. பாளையக்காரர்கள் கோட்டை கட்டக் கூடாது. செத்தவனின் பெயரைச் சொல்லி ஒரு மண்டபம் கட்ட முடியுமா? கல்வெட்டு வைக்க முடியுமா? ஆனால் நடந்து போகிறவன் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் போட்டால் எந்தச் சர்க்கார் அதைக் குற்றம் என்று சொல்லும்? குவியலில் எழுத்து இல்லை. திறப்பு விழா இல்லை. உபயம் இன்னார் என்று போர்டு இல்லை. போட்டவன் பெயரும் இல்லை. நான் பார்த்த, படித்த நினைவிடங்களிலேயே பொய் சொல்ல வாய்ப்பே இல்லாத நினைவிடம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

இது நமக்குப் புதுசும் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை. தமிழி எழுத்தில், செத்தவன் பெயர், எந்த ஊர், ஆநிரைச் சண்டையில் செத்தான் என்று வெட்டியிருக்கிறது. ராஜா இல்லை, தளபதி இல்லை. மாடு பிடிக்கிற சண்டையில் விழுந்த ஒருத்தன். சாதாரண வீரனின் பெயரைக் கல்லில் எழுதும் வழக்கம் ஐரோப்பாவிலிருந்து கற்றுக்கொண்டதில்லை, நம்ம கையில் இருந்ததுதான். நடுவில் எங்கேயோ அதைத் தொலைத்துவிட்டோம்.

துறைமுகத்துக்கும் ஒரு பங்கு

இந்தப் போர் உள்நாட்டுக் கரிசலில் மட்டும் நடந்ததாக நினைப்போம். தூத்துக்குடிக்கும் பங்கு உண்டு. 1801-ல் ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். முத்துக்குளிப்பும் சங்குக்குளிப்பும் நடந்த கரை, கும்பினிக்கு லாபம் கொட்டுகிற துறைமுகம். அங்கே துறைமுகப் பொறுப்பில் இருந்த பாகட் என்பவரைப் பிடித்துப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி பின்னாலேயே போய் ஊமைத்துரையிடம் கெஞ்ச, அவரை விட்டுவிட்டார்கள் என்று கால்டுவெல் தன் திருநெல்வேலிச் சரித்திரத்தில் எழுதுகிறார்.

ஊமைத்துரை பற்றி வெல்ஷ் எழுதியதும் மறக்க முடியாதது. ஒல்லியான, நோயாளி மாதிரி இருந்த வாலிபர், காது கேட்காது, பேச்சு வராது. எதிரியின் படை பற்றிச் சொல்ல, உள்ளங்கையில் வைக்கோல் துண்டுகளை அடுக்கி வைத்து, வாயால் ஒரு சத்தம் எழுப்பி, மறு கையால் ஒரே வீச்சாகத் தட்டிவிடுவாராம். ஜனங்களுக்கு அது போதும்.

கோட்டை விழுந்த அன்று அவர் காயப்பட்டுக் களத்தில் கிடந்தார். மகனைத் தேடி வந்த ஒரு தாய், குற்றுயிராகக் கிடந்த மகனைத் தூக்கப்போனாள். என்னை விட்டுவிட்டு அவரைக் காப்பாற்று என்றான் மகன். அவள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகும்போது எட்டயபுரத்து ஆட்கள் துரத்தி வந்தார்கள். வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மை போட்டு என் பிள்ளை செத்துப்போனானே என்று ஒப்பாரி வைத்தாள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். இதை எழுதியதும் எதிரிப் படையின் அதிகாரி வெல்ஷ்தான். அந்தத் தாயின் பெயரோ, களத்தில் விட்டுவந்த மகனின் பெயரோ அவர் புத்தகத்தில் இல்லை.

1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையை. 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்பட 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்கு தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1818-ல் வெல்ஷ் பினாங்கு போனபோது துரைசாமியைப் பார்த்திருக்கிறார். வயதுக்கு மீறிக் கிழடு தட்டிப் போயிருந்தார். 73 பேரில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் பாளையக்காரர் வீட்டு ஆட்கள். மற்றவர்கள் எண்ணிக்கை மட்டும்தான்.

பஸ்ஸில் எழுதிய பெயர்

நினைவிடம் செத்தவர்களுக்காக வைப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். 1997-ல் நம்ம மாவட்டங்கள் அதற்கு வேறு பாடம் சொன்னன.

பாஞ்சாலங்குறிச்சிப் படையில் சண்டை போட்டுச் செத்தவர்களில் சுந்தரலிங்கம் ஒருத்தர், கவர்னகிரி ஊர்க்காரர். பட்டியல் சாதியில் பிறந்தவர். கும்பினியின் வெடிமருந்துக் கிடங்கைத் தன் உயிரைக் கொடுத்துத் தகர்த்தார் என்பது மரபு. 1997-ல் விருதுநகரில் புதிதாகத் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதிக்காரர்கள் சிலர் கிளம்ப, தென் மாவட்டங்களில் கலவரம். உயிர்கள் போயின.

முடிவு என்ன தெரியுமா? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனது. 1986-ல் உருவான எங்கள் வ.உ. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. கட்டபொம்மன் பெயரைக் கும்பினி கணக்கிலிருந்து எடுத்தது என்று இரண்டு நூறு வருஷம் கோபப்பட்டோம். கூட நின்று செத்தவனின் பெயர் பஸ்ஸில் இருக்கக் கூடாது என்ற சண்டையில், கட்டபொம்மன் பெயரையும் நாமே எடுக்கும்படி ஆகிவிட்டது.

டர்ஹாம் சிப்பாயும் இந்த பஸ்ஸும் ஒன்றா? ஒன்றில்லை, நேர் எதிர். அங்கே ஒடுக்கியவனின் சிலையை ஒடுக்கப்பட்டவர்கள் இறக்கினார்கள். இங்கே ஒடுக்கப்பட்டவனின் பெயரை இறக்கச் சொன்னார்கள். ஆனால் இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் காட்டுகின்றன: யார் பெயர் பொது இடத்தில் நிற்கலாம் என்பது, இன்றைக்கு அந்த இடத்தில் யார் நிமிர்ந்து நடக்கலாம் என்ற கேள்வி.

இன்றைக்கு ஒவ்வொரு சாதிக்கும் அதே படையில் ஒரு வீரர், ஒரு மண்டபம், ஒரு நாள், அந்த நாளுக்கு ஒரு 144 தடை. ஒரே கோட்டைக்குள் தோளோடு தோள் நின்று செத்தவர்களை, 200 வருஷம் கழித்துத் தனித்தனியாகப் பிரித்து எடுத்திருக்கிறோம்.

யாரும் கல் போடாதவன்

எல்லாம் எழுதி முடித்தபிறகும் ஒருத்தன் மிச்சம் நிற்கிறான். கும்பினிச் சிப்பாய்.

வெள்ளை அதிகாரிக்குக் கல்லறை இருக்கிறது. கட்டபொம்மனுக்குக் கற்குவியலும் சிலையும் கோட்டையும் இருக்கின்றன. சம்பளத்துக்குச் சேர்ந்து, மண்மதில் ஏறும்போது ஈட்டி குத்தி விழுந்த அந்த நம்மூர்க்காரனுக்கு என்ன இருக்கிறது? வெள்ளைக்காரன் அவன் பெயரைக் கல்லில் எழுதவில்லை. நமக்கு அவன் துரோகி. இரண்டு பக்கமும் கைவிட்டவன்.

முடியாமல் இல்லை. மராட்டியத்தில் பீமா கோரேகாவ் தூணைப் பாருங்கள். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையோடு நடந்த சண்டையில் செத்த கும்பினி ஆட்கள் 49 பேர் பெயரைக் கும்பினியே வெட்டி வைத்தது. அதில் 22 பேர் மகர்கள். கும்பினி வைத்தது தன் வெற்றிக்காக. 1927-ல் அம்பேத்கர் அங்கே போய் நின்றபிறகு, தீண்டாமைக்கு எதிராக நிமிர்ந்தவர்களின் தூணாக அது மாறிவிட்டது. பெயர் கல்லில் இருந்ததால்தான் அந்த மாற்றம் நடந்தது. நம்ம சிப்பாய்க்குப் பெயர் இல்லை. அதனால் திட்டவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது, எங்கள் தாத்தா என்று யாரும் உரிமை கொண்டாடவும் முடியாது.

அவனைக் கொண்டாடச் சொல்லவில்லை. கட்டபொம்மனும் ஊமைத்துரையும் நின்ற பக்கம்தான் சரியான பக்கம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் நின்ற எல்லோரையும் 'எட்டப்பன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டால், ஒரு கும்பினி எப்படி நம்மையே வைத்து நம்மை ஜெயித்தது என்ற கேள்வியும் அதோடு மூடிப்போகிறது. துரோகி ஒருத்தன் இருந்தான், அதனால் தோற்றோம் என்பது சுலபமான பதில். ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளத்துக்காக வரிசையில் நின்றார்கள் என்பது கஷ்டமான பதில். ஆச்சி சொன்னது அந்தப் பதில்தான்.

நண்பனுக்கு இரண்டு படம் அனுப்பினேன். உடைமரத்துக்கு நடுவில் இருக்கிற கல்லறை ஒன்று. கயத்தாறு சாலையோரம் சிலைக்குப் பக்கத்தில் கிடந்த வெறும் தரை ஒன்று.

"ரெண்டாவது படத்துல ஒண்ணுமே இல்லையேல" என்று பதில் வந்தது.

"ஆமா. முன்னால அங்க ஒரு கற்குவியல் இருந்துச்சு. மூணாவது படம் ஒண்ணு அனுப்பணும், அதுக்கு இன்னும் இடமே இல்ல" என்று எழுதினேன்.

கிளம்புவதற்கு முன்னால் அந்தச் சாலையோரம் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன் என்பதை அவனுக்கு எழுதவில்லை. யாருக்காகப் போட்டேன் என்று கேட்டிருப்பான். கட்டபொம்மனுக்கா, மகனை விட்டுவந்த அந்தத் தாய்க்கா, மதில் ஓரம் விழுந்த சிப்பாய்க்கா என்று எனக்கே தெரியாது. குவியலில் அந்தக் கேள்வி வராது என்பதுதான் அதன் நல்ல குணம்.